நாலு முழங்கால் அத்தை

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஒன்பது மணி நேரமும் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டதில் கழுத்து மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. மற்றபடி குறையில்லை.

நாளைக் காலை சோதனைத் தளத்துக்குள் போகிறேன். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வெளிவராத வண்டியை எவனாவது படம் பிடித்துவிட்டால் மூன்று வருஷ உழைப்பு தெருவுக்கு வந்துவிடுமே! ஜூலை வரை கடிதம்தான். போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் வாசல் அதிகாரி பிரித்துப் படிப்பார். வண்டியைப் பற்றி ஒரு சொல் இருந்தாலும் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும், எழுதியவர் வீட்டுக்குப் போவார். அதனால் மனம்விட்டு எழுதும் கடைசிக் கடிதம் இது. விடுதி அறையில், கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசைக்கு ஒரு கால் இல்லை.

'அப்படி என்னதான்க்கா வண்டி வேலை?' என்று நீ கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். இப்போது கேள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கம்பெனி முதல் குட்டி எஸ்யூவியை விட்டது. உருவம்தான் குட்டி, உள்ளே ஆறு சிலிண்டர் எஞ்சின். தோல் இருக்கை, மரப்பலகை என்று சொகுசுக்கும் குறைவில்லை. ஆனால் ஷாக் அப்சார்பரைப் பந்தய வண்டி மாதிரி இறுக்கி வைத்திருந்தார்கள். வண்டி பறந்தது, உள்ளே இருந்தவனின் பல்லும் பறந்தது. ஓடும் வண்டியில் குறிப்பெழுதிய ஒரு பத்திரிகைக்காரர் இறங்கிப் பார்த்தால் எல்லாம் கோழிக் கிறுக்கல், அவருக்கே படிக்க வரவில்லை. ஆறு வருஷம் கழித்து இரண்டாவது வண்டி. எஞ்சினைச் சின்னதாக்கி, அதற்குள் காற்றை ஊதி வேகம் கூட்டும் டர்போ வைத்தார்கள். குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் என் கைக்கு வந்தது. நான் மெத்துமெத்தென்று செய்துவைத்தேன். வளைவில் வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நேராகும். 'தொட்டில்' என்று பேப்பரில் எழுதினார்கள். அன்றிலிருந்து கம்பெனியில் என் பெயர் தொட்டிலம்மா. சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவருக்குத் தாலாட்டு வந்துவிடும்.

இப்போது மூன்றாவது. டர்போ எஞ்சினோடு ஒரு மின் மோட்டார், வண்டித் தரைக்கு அடியில் பெரிய பேட்டரி. முதல் வண்டியைவிட வேகம், இரண்டாவதைவிடக் கனம். இதன் சஸ்பென்ஷனுக்கு இரண்டு பேரைப் போட்டிக்கு விட்டிருக்கிறார்கள். ஒருவர் பழைய பந்தய ஓட்டுநர், எல்லோருக்கும் பந்தயக்காரர். முதல் வண்டியை இறுக்கியவர் அவரேதான். இன்னொருத்தி நான். ஜூன் கடைசியில் ஏழு இயக்குநர்கள் இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தோற்றால் என்னைக் கண்ணாடித் துடைப்பான் பிரிவுக்கு மாற்றுவதாக மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மழை பெய்தால் மட்டும் ஞாபகம் வருகிற பிரிவு அது. தம்பி, இந்தத் தடவை நான் ஜெயித்தே ஆக வேண்டும்.

கடிதத்தில் வண்டியை எப்படி எழுதுவது? கடிதம் என்றாலே நலம் விசாரிப்பதுதானே! முதல் வண்டி பெரியத்தை, இரண்டாவது நடு அத்தை, இப்போதையது சின்னத்தை. எஞ்சின் இதயம், டர்போ மூச்சு, சஸ்பென்ஷன் இடுப்பும் முழங்காலும். நான் செய்கிற வேலை வைத்தியம். இயக்குநர்கள் பெரிய டாக்டர்கள். அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாததால் நமக்கு அத்தையே கிடையாது. குழப்பம் வர வழியில்லை.

என் வீட்டுச் செடிகள் ஏழுக்கும் தண்ணீர் ஊற்று. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கழுத்து நேராகிவிட்டதா? ஆகாவிட்டால் விட்டுவிடு, ஒரு பக்கமாகச் சாய்வது உன் கைராசி. நடு அத்தையைக் கேட்டால் சொல்வாள்.

சின்னத்தையின் உடல்நிலை எப்படி? பெரியத்தையின் கோபமும் நடு அத்தையின் அசைவும் இல்லாமல் அவளை ஆளாக்கிவிடு. உன் வீட்டுக்காரியும் விசாரித்தாள். அதாவது என் வீட்டுக்காரி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்பதால், 'அத்தைக்கு எத்தனை வேளை மருந்து?' என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

நான் வழக்கம்போல ஆம்புலன்ஸில் ஊரைச் சுற்றுகிறேன். பதினாலு வருஷமாக ஓட்டுகிறேன், படுத்து வருகிறவர்கள் யாரும் மார்க் போட்டதில்லை. நேற்று ஒரு அம்மா மட்டும் இறக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "வலிகூட பரவாயில்லப்பா, உன் பாட்டுத்தான் தாங்க முடியல" என்றார். இனிமேல் சைரன் மட்டும்தான்.

செடிகள் ஏழும் நலம். நாலாவது தொட்டியில் மொட்டு விட்டிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லும் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் இருவர் நலத்துக்கும் உன் பாட்டைக் கேட்க நேர்ந்தவர்கள் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

சின்னத்தையைப் பற்றி நல்ல சேதி சொல்ல முடியவில்லை. இதயம் பழுதில்லை, அவள் வயதில் இப்படி ஓடுகிற பெண்மணியை நான் கண்டதில்லை. மூச்சும் சீர். வயிற்றடியில் ஏறியிருக்கும் கனம்தான் பாடாய்ப் படுத்துகிறது. கல் பாவிய பாதையில் விட்டால் பெரியத்தை மாதிரி விறைத்துக்கொள்கிறாள். கொஞ்சம் தளர்த்தினால் நடு அத்தை மாதிரி அசைகிறாள். நடுவே எங்கே நிறுத்துவது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. நேற்று நாலு முழங்காலையும் கழற்றி மாட்டினோம். ஒரு பலனும் இல்லை. கைவிரல் எல்லாம் எண்ணெய்த் தைலம்.

பந்தயக்காரர் தன் வைத்தியத்தை அநேகமாக முடித்துவிட்டார். தினமும் டீ கிளாஸோடு என் கொட்டகை வாசலில் வந்து நிற்கிறார். "என்னம்மா, தொட்டில் இன்னும் ஆடுதா?" அவ்வளவுதான் கேட்பார். பதில் சொல்வதற்குள் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வண்டியில் படுத்து வருகிறவர்கள் சரியாக எந்த இடத்தில் கத்துவார்கள்? வேகத்தடையில் ஏறும்போதா, இறங்கும்போதா? யோசித்து எழுது. சும்மா தோன்றியதை எழுதாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும் அக்கா


மார்ச் 14

தம்பி,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேள்வி கேட்டதும் காணாமல் போவது உனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வழக்கம்.

இங்கே எல்லோருக்கும் வாசலய்யா ஆகிவிட்ட வாசல் அதிகாரி தங்கமான மனிதர். என்னை நிறுத்தி, "உங்க அத்தைக்கு என்ன வயசும்மா?" என்றார். அறுபது என்றேன். "வயித்துல கனம்னா அலட்சியமா விடாதீங்க. ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க." எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐயா, இதைப் படித்துக்கொண்டிருந்தால் வணக்கம்.

முன்பின் தெரியாத அவர் இவ்வளவு விசாரிக்கிறார். கூடப் பிறந்தவன் நீ வாயைத் திறக்கவில்லை. அத்தை அப்படியேதான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கோபத்தோடு, ஆனாலும் உன் நலத்தை வேண்டும் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, வேலை அப்படி. பேனாவில் மை இறங்கமாட்டேன் என்கிறது, அதனால் பென்சில். வரிகள் மேலே ஏறிக்கொண்டு போனால் கண்டுகொள்ளாதே.

நீ கேட்டதை நன்றாக யோசித்தேன். யோசிக்க நேரம் கிடைத்தது. ஏறும்போது கத்தமாட்டார்கள், இறங்கும்போதும் கத்தமாட்டார்கள். படுத்திருப்பவனுக்குச் சாலை தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் கூரைதான். என் வண்டிக் கூரையில் பதினேழு ஆணி, அதில் ஒன்பதாவது துருப்பிடித்தது. வேகத்தடை வருவது அவனுக்குத் தெரியாது. திடீரென்று ஒரு குலுக்கல். அது வலிக்கும், ஆனால் அதை மன்னித்துவிடலாம் அக்கா. வந்தது, போயிற்று. உடம்பு 'சரி, முடிந்தது' என்று மூச்சை விடும். அப்போது வரும் பார், ரெண்டாவது குலுக்கல். முதலாவதைவிடச் சின்னதுதான். ஆனால் உடம்பு தளர்ந்திருக்கிற நேரம் பார்த்து வரும். அப்புறம் மூணாவது, நாலாவது. கத்துவது அங்கேதான். முதல் குலுக்கல் சாலை கொடுப்பது. ரெண்டாவது வண்டி கொடுப்பது. அதைத்தான் மன்னிக்க முடியாது.

உனக்கு உதவுமோ என்னவோ. அத்தையைத் திட்டாதே, பாவம்.

செடிகள் நலம். நீயும் நலமாக இரு.

உன் தம்பி


ஏப்ரல் 25

என் தங்கத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் சௌக்கியமாக இருக்க வேண்டும்! உன் எழுத்து மலையேறினாலும் விஷயம் நேராக வந்து என் தலையில் இறங்கிவிட்டது.

இத்தனை நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தை குனிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் தட்டியதும் எவ்வளவு குனிகிறாள், எப்படிக் குறைப்பது என்றே மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவள் எப்படி நிமிர்கிறாள் என்று பார்க்கவேயில்லை. கோளாறு நிமிர்வதில்தான்! குனிந்தவள் ஒரே தூக்காக எழுந்து, மேலே போய், மறுபடி கீழே வந்து... உன் ரெண்டாவது குலுக்கல், மூணாவது குலுக்கல் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நடு அத்தைக்கு ஆறு வருஷத்துக்கு முன் நான் செய்த பிழையும் அதுவே. இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

இப்போது வைத்தியத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன். தாராளமாகக் குனி தாயே, நிமிர்வதை மட்டும் நிதானமாக, ஒரே தடவையில் செய் என்கிறேன். ரொம்ப இறுக்கினால் நிமிர நேரமில்லாமல் அடுத்த கல்லுக்கும் குனிந்தபடியே நின்றுவிடுகிறாள். மயிரிழையில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக அத்தை மடியில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தபடி ஒரு நாளைக்கு முப்பது தடவை போய்வருகிறேன். "தொட்டிலம்மா தொட்டில்ல தூங்குறாங்க" என்று கொட்டகையே சிரிக்கிறது. சிரிக்கட்டும். நேற்று இருபது கல்லுக்குப் பதினாறில் ஒரே குலுக்கல்!

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அத்தையின் இடுப்புக்கு என்று வாசலய்யா தன் கையால் கொடுத்த பட்டை. "இதைக் கட்டிக்கிட்டா நிமிர்ந்து உக்காரலாம். கண்டிப்பா போய்ச் சேரணும்" என்று இரண்டு முறை சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நீயே வாங்கி அத்தைக்குச் சேர்ப்பித்துவிடு.

புதுப் பேனா வாங்கு. உன் வீட்டுக்காரியின் நலத்தையும் எழுது.

ஆனந்தத்தோடு அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பட்டை வந்தது. வாசலய்யாவுக்கு என் நன்றியைச் சொல். அத்தைக்கு அளவு தைத்துவைத்த மாதிரி பொருந்திவிட்டது. நேற்று அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுவரைப் பிடித்தபடி ஆறு அடி நடந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் அழுதாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மீதி நாலு கல்லையும் சரி பண்ணு. செடிகள் நலம்.

உன் தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே தொடரட்டும். உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை அழுதாளாம்! உன் குறும்புக்கு அளவே இல்லை. ஆனால் பென்சிலை இன்னும் விடவில்லையே, மருந்துக்கடையில் பேனா தரமாட்டார்களா?

ஏழு டாக்டர்களும் இருபத்தாறாம் தேதி வருகிறார்கள். இருபதுக்கு இருபதும் ஒரே குலுக்கல். இருந்தும் பயம் விடவில்லை. பந்தயக்காரரின் அத்தை வழவழப்பான பாதையில் என் அத்தையைவிட ஒரு நொடி முந்துகிறாள். டாக்டர்களுக்கு நொடிக் கணக்குத்தான் கண்ணில் படும். துடைப்பான் பிரிவில் என் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. படுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஒவ்வொரு கல்லிலும் உன் குரலில் 'மன்னிக்கலாம்' என்று கேட்கிறது. நீ பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கிறது.

ஜெயிக்கட்டும் என்று வாழ்த்தி எழுது.

உன் அக்கா


ஜூன் 27

தம்பி, ஜெயித்துவிட்டோம்!

எல்லோரும் நலம், உலகமே நலம். முதலில் வழவழப்பான வட்டம். பந்தயக்காரரின் அத்தை சொன்னபடி ஒரு நொடி முந்தினாள். டாக்டர்கள் தலையாட்டினார்கள். அடுத்தது கல் பாதையும் வளைவுகளும். அங்கே அவர் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குதி. கால் தரையில் இல்லாதவள் எதை உதைத்து ஓடுவாள்? என் சின்னத்தையோ ஒரு குனி, ஒரு நிமிர், நாலு காலும் தரையில்! வளைவில் கடிவாளம் போட்ட மாதிரி திரும்பினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஐந்து நொடி முன்னால் நிற்கிறாள். மென்மையாக நடக்கிறவளே வேகமாகவும் ஓடுகிறாள் தம்பி! பன்னிரண்டு வருஷமாக இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நிதி டாக்டர் பின்னால் உட்கார்ந்து போகிற போக்கிலேயே மார்க் எழுதினார். காகிதத்தைப் பார்த்தேன். எழுத்து அச்சடித்த மாதிரி நேராக இருந்தது. கடைசியாகப் பந்தயக்காரர் தானே கேட்டு வாங்கி ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி, "தொட்டில் இவ்வளவு வேகமா ஓடும்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். ஏழு டாக்டரும் என் பக்கம். துடைப்பான் பிரிவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்!

இதுவரை எழுதி வாசலய்யாவிடம் கொடுத்தேன். படித்தார், சிரித்தார். "இனிமே அத்தைக்குக் கவலை இல்ல. தம்பி எப்படி இருக்கார்?" என்றார். எனக்குப் புரியவில்லை.

"என்னம்மா இது? அறுபது வயசு அம்மாவுக்கு நாலு முழங்கால், அதையும் கழற்றி மாட்டினோம்னு எழுதுறீங்க. பிப்ரவரியிலயே தெரிஞ்சு போச்சு. எண் இல்ல, படம் இல்ல, ரகசியம்னு எதுவும் இல்ல. போகட்டும்னு விட்டேன்."

"அப்ப ஸ்கேன் எடுக்கச் சொன்னது?"

"சும்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

"அப்ப பட்டை எதுக்குக் கொடுத்தீங்க ஐயா?"

அவர் அலமாரியைத் திறந்து, தன் குறிப்பேட்டை எடுத்தார். உன் கடிதங்கள் வந்த தேதிகள். ஜனவரியில் பேனா. ஏப்ரலில் பென்சில். மே மாதமும் பென்சில். "நான் எட்டு மாசம் மல்லாந்து படுத்துக் கிடந்தவன்மா. மல்லாந்து எழுதினா பேனாவுல மை இறங்காது. வரி இப்படித்தான் மேல ஏறும். கூரையில ஆணி எண்ணினது ஓட்டுறவன் இல்ல, படுத்துக் கிடந்தவன். பட்டை உங்க அத்தைக்கு இல்ல. நேராச் சொல்லலாம்னு பாத்தேன். மறைக்கிறவர் எதுக்கோ மறைக்கிறார்னு விட்டுட்டேன்."

தம்பி, உன் கடிதத்தை நான் நாற்பது தடவை படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வண்டியைத்தான் படித்தேன். அவர் ஒரு தடவை படித்து உன்னைப் படித்துவிட்டார். வாசல் அறையில் அவர் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து அழிந்திருந்தால் அது என் கண்ணீர்தான், மழை இல்லை. என்ன ஆயிற்று? உண்மையை எழுது. இனி அத்தை வேண்டாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் உடம்பு.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். அவர் நலமாகிக்கொண்டிருக்கிறார். அவரை எழுத விடாமல் நானே எழுதுகிறேன்; அவர் எழுதினால் மறுபடி செடி நலம் என்பார். செடி ஏழில் ஆறு செத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நின்ற ஆம்புலன்ஸில் பின்னாலிருந்து ஒரு கார் மோதிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் இல்லை, இவர் நடுவே நின்றார். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. இவரையே இவர் வண்டியில் படுக்கவைத்து, கூட்டாளி ஓட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை பதினொரு வேகத்தடை. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் முதல் வார்த்தை, "அக்காவுக்குச் சொல்லாதே. ஓடி வந்துடுவா. இந்தத் தடவை அவ ஜெயிக்கணும்." நான் சண்டை போட்டேன். தோற்றுவிட்டேன். உங்கள் கேள்விக் கடிதத்தை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு ஆறு வாரம் யோசித்தார். "பதில் கிடைச்சிருச்சு, நானே பரிசோதிச்சுப் பாத்துட்டேன்" என்று சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பட்டையைக் காலையும் மாலையும் தவறாமல் கட்டுகிறேன். முப்பதாம் தேதி வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். ஆனால் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். ஆம்புலன்ஸ் என்றாலே முகம் வெளுத்துவிடுகிறது. பதினாலு வருஷம் ஓட்டினவர், அக்கா! நடந்தே போகிறேன் என்கிறார். எட்டு கிலோமீட்டர், வழியெல்லாம் அதே பதினொரு வேகத்தடை.

என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீ திரும்பிப் போய் மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று கேட்பாய். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் உருவம் வெளியே தெரியாமலிருக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மறைப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி வண்டி வந்து நின்றதும், நர்ஸ், காவலாளி, கட்டுப் போட்டவர், கட்டு அவிழ்த்தவர் எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். இதுதான் சின்னத்தை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீ வெளியேறும் அனுமதிச் சீட்டைக் காட்டினாய். காரணம் என்ற இடத்தில் வாசலய்யாவின் கையெழுத்து: 'அத்தை, தம்பியை நலம் விசாரிக்கச் செல்கிறார்.' ஜெயித்ததற்கு என்ன வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது, ஒரு நாளைக்கு வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்டாயாமே! பைத்தியக்காரி.

நான் ஏறமாட்டேன் என்றேன். பின் இருக்கையை மடக்கி, மெத்தையை விரித்து, நீயே மல்லாந்து படுத்து, "இங்கதான்டா மூணு மாசமா உனக்காகப் படுத்துக் கிடந்தேன். நீ ஒரு எட்டு கிலோமீட்டர் படுக்கமாட்டியா?" என்றாய். அதற்குமேல் எப்படி மாட்டேன் என்பது?

முதல் வேகத்தடை வந்தபோது என் கை உன் வீட்டுக்காரியின், அதாவது என் வீட்டுக்காரியின், கையை நசுக்கிவிட்டது. ஒரு குலுக்கல். ரெண்டாவதுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்தேன். வரவில்லை, அக்கா! அடுத்த தடையிலும் வரவில்லை. மூணாவதில் பல்லை விட்டேன். அஞ்சாவதில் கையை விட்டேன். மூச்சை விட்டால் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. பதினொன்றும் முடிந்து நேர்ச்சாலை வந்துவிட்டது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூரையில் ஆணி ஒன்றுகூட இல்லை, எண்ணிப் பார்த்தேன்.

அந்த நேர்ச்சாலையில் என்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? முன் இருக்கைக்கு வந்து, பட்டையை இறுக்கிக்கொண்டு, "அத்தை ஓடுவாளாமே, பாக்கலாம்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். மிதித்தாய். அடேயப்பா! முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது, மரங்கள் எல்லாம் ஒரே மரமாகிவிட்டன, பின்னால் என் வீட்டுக்காரி சாமியைக் கூப்பிட்டாள். ஐந்து மாதமாக என் முதுகு எனக்கு எதிரியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அது என் முதுகாக இருந்தது. நான் கத்தினேன் என்று நீ பயந்து வேகத்தைக் குறைத்தாயே, அது வலியால் கத்தியது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் மறைத்தது தப்புதான். ஆனால் மறுபடி அப்படியே நடந்தால் மறுபடியும் மறைப்பேன். நீ ஜெயித்ததை நினைத்தால் எனக்குக் கர்வமாக இருக்கிறது, அக்கா. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று அத்தைகளில் கடைசி அத்தை என் முதுகிலிருந்து பிறந்தவள் என்று. யாருக்கும் புரியவில்லை.

பிழைத்த ஏழாவது செடிக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். அடுத்த மாதம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்த வேலை. ஓட்டுவதைப் பிறகு பார்க்கலாம். வாசலய்யாவிடம் பட்டையைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல். இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவால் எழுதும்,

உன் தம்பி